இரண்டு நிமிட ஆங்கிலம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகிற குடும்பம். இப்போது அரியலூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். தற்காலிக வேலைதான். அதனாலேயே யார் முன்னும் குறைந்துபோய்விடக் கூடாது என்ற வீம்பு எனக்குக் கூடுதலாக உண்டு.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் மேம்படுத்த ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பக்கத்துக்குள் ஆலோசனை எழுதி அனுப்ப வேண்டுமாம். துறையில் மற்றவர்கள் ஸ்மார்ட் போர்டு, புது மைக்ராஸ்கோப் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது.

குன்னம் பக்கத்துப் பெண். ஒருநாள் துப்பட்டா நுனியில் சுருள் சுருளான கல் ஒன்றை முடிந்துகொண்டு வந்தாள்.

"எங்க கொல்லையில கெணறு வெட்டுனப்ப வந்துச்சு மேடம். மேல கரிசல், அடுத்தாப்ல சுக்கான் கல்லு, அதுக்கும் கீழ மஞ்சக் களி. களியிலதான் இது கெடைக்கிது. சுக்கான்ல ஒண்ணுகூட இல்ல."

அது எப்போதோ இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிரின் ஓடு, கல்லாகிப் போனது. எந்த அடுக்கில் எது கிடைக்கிறது என்று பார்த்து வைத்திருந்தாளே, ஆராய்ச்சி என்றால் அதுதான். அதே பாடத்தில் அவள் ஃபெயில். கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "இன்னொரு அரியர் வுழுந்தா அண்ணன் திருப்பூருக்கு அனுப்பிடும் மேடம்" என்றாள்.

முதலாண்டுப் பாடத்தைத் தமிழில் நடத்துங்கள், தேர்வையும் தமிழில் எழுத விடுங்கள், அவரவர் கொல்லைக் கல்லை வைத்தே சிறு ஆய்வு செய்யட்டும். இதுதான் என் ஆலோசனை. தமிழிலேயே தட்டச்சு செய்தேன்.

"இங்கிலீஷ்ல அடிச்சுடும்மா. அங்க யாரு இதப் படிக்கப் போறா?" என்றார் பக்கத்து மேசை சார்.

"படிக்கட்டும் சார். தமிழ்ப் பிள்ளைங்களப் பத்தித்தான எழுதியிருக்கேன்."

துறைக் கணினியில் இருந்தது பழைய எழுத்துரு; அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. மாற்றாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். வந்த ஆலோசனைகளைப் பற்றிப் பேச பல்கலைக்கழகம் பெரம்பலூரில் நடத்திய கூட்டத்தில் என் பக்கம் திரையில் விரிந்தபோது அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன.

"என்ன மேடம், வைஃபை பாஸ்வேர்டு அனுப்பியிருக்கீங்களா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அரங்கமே சிரித்தது.

தலைமை வகித்த பேராசிரியர், "பரவால்லம்மா, ரெண்டு நிமிஷம் வாயால சொல்லிடுங்க" என்றார். அவர் தமிழில்தான் கேட்டார். நானும் தமிழில் சொல்லியிருக்கலாம். சிரித்தவர்களுக்கு நான் யாரென்று காட்ட வேண்டும் போலிருந்தது. ஆங்கிலத்தில் பேசினேன். தடங்கலே இல்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்பதை அழகாக விளக்கினேன். ஆகவே தமிழில் நடத்துங்கள் என்று சொல்ல வருவதற்குள் நேரம் முடிந்தது. கை தட்டினார்கள்.

"கெஸ்ட் லெக்சரரா? என்னா ஃப்ளோ பாருங்க!" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் முழு வழியும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் புரியாத குறையைப் போக்க வாரம் இரண்டு மணி நேரம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. களத்துக்குக் கூட்டிப்போக ஒதுக்கியிருந்த நேரம் அதற்குப் போனது. பொறுப்பாசிரியர் நான். பக்கத்து மேசை சார் அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார்.

முதல் வகுப்பில் அந்தப் பெண் எழுந்தாள். "மேடம், இது நீங்க கேட்டு வாங்குனதாமே?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா, ஒக்காரு" என்றேன்.

அடுத்த தேர்விலும் அவளுக்கு அரியர். ஜூனில் கல்லூரி திறந்தபோது வரவில்லை. போன் செய்தேன். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, "ஹலோ மேடம், ஹவ் ஆர் யூ?" என்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, பிழையில்லாமல்.