உள்ளே ஆள் இருக்கும்வரை

எங்கள் அக்காவைத் தீயிடம் கொடுத்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். அக்காவைச் சாந்த சொரூபி என்று எழுதச் சொன்னார்கள். பொய் எழுத எனக்கு வராது. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அவர். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. ஒருநாள் அப்பா கொழுந்து அரைக்கும் மெஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கை முழங்கையோடு போனது. அந்த வாரமே அப்பாவும் போய்விட்டார். அப்பா உடுத்தியிருந்த, இரத்தம் ஊறிய சாரத்தைப் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் அலசியவர், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காதான். சுவிட்சைப் போட்டவரை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அந்தச் சுவிட்சில் ஒரு பூட்டு இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்பார்.

பசியோடு படித்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியரானார். கணினி இயக்கும் மெஷின்களையும் ரோபோக் கைகளையும் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களை உருவாக்குவது அவர் வேலை. மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு உண்டு. மெஷினைத் தொடுமுன் மெயின் சுவிட்சில் அதை மாட்ட வேண்டும். மாட்டியவரே கழற்ற வேண்டும். நுவன் என்ற மாணவர் ஒருமுறை விளையாட்டாக நண்பனின் பூட்டை வெட்டிவிட்டார். அக்கா விட்ட அறையில் அவர் காதில் இரத்தம் வந்தது.

"உள்ள ஒருத்தன் இருக்கான்னு சொல்றதுதான் இந்தப் பூட்டு. அத வெட்டுறவன் கொலைகாரன்" என்றாராம். விசாரணை நடந்தது. வேலை மயிரிழையில் தப்பியது. அடித்தது தப்புத்தான், சொன்னது தப்பில்லை என்று விசாரணையிலும் வாதாடினார்.

பிறகு கண்டிச் சுற்றுவட்டாரத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்த அந்த நாட்கள் வந்தன. பெற்றோல் போத்தல்களோடு ஒரு கும்பல் கல்லூரிக்குள் நுழைந்தது. அலவத்துகொடயிலிருந்து வரும் ரிஸ்வானும் இன்னும் சில முஸ்லிம் மாணவர்களும் உள்ளே இருந்தார்கள். அக்கா அவர்களை ஸ்டோர் அறைக்குள் தள்ளி, இரும்புக் கதவை இழுத்துச் சாத்தித் தன் பூட்டை மாட்டினார். அடுத்த பூட்டு நுவனுடையது. மற்ற மாணவர்களும் வரிசையாக மாட்டினார்கள்.

கும்பலில் வந்தவர்கள் சாவியைக் கேட்டார்கள். உள்ளே ஆள் இருக்கும்வரை என் பூட்டைக் கழற்ற மாட்டேன் என்று நுவன் சிங்களத்தில் சொன்னார். அவர் கையைக் கதவோடு வைத்து விரல்களை நசுக்கினார்கள். தடுக்கப்போன அக்காவின் தலையில் இரும்புக் கம்பி இறங்கியது. மெஷின்கள் தீப்பிடித்து எரிந்தன. இராணுவ வாகனத்தின் சத்தம் கேட்ட பிறகுதான் கும்பல் ஓடியது. ஸ்டோருக்குள் இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அக்காவின் இடது கண் பார்வை அன்றோடு போயிற்று. தலைவலி கடைசிவரை போகவில்லை. ஆறாத காயத்தோடு மறுபடியும் வகுப்புக்குப் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கும்பல்மீது ஆத்திரம், அக்காமீதும் ஆத்திரம்.

கடைசியில் பாரிசவாதம் அவரைக் கட்டிலில் தள்ளியது. ரிஸ்வான் இன்று ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அக்காவின் கட்டிலருகே இருந்த மெஷினை வேறு எவரையும் தொட விடவில்லை. அவருக்கும், வைத்தியர்கள், தாதியர்களுக்கும், சோறு சமைத்துக் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. கும்பல் வந்த அன்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு இடுக்கால் எட்டிப் பார்த்தவர்களுக்கும் நன்றி. சாவு வீட்டுக்காவது வந்தீர்கள்.

கடைசி நன்றி நுவனுக்கு. தகன சாலையில் அக்காவை உள்ளே வைத்துக் கதவை மூடியதும் சுவிட்சைப் போடும்படி என்னிடம் சொன்னார்கள். அப்பாவின் நினைவு வந்தது. என் கை எழவில்லை. அப்போது நுவன் முன்னே வந்து, வளைந்துபோன விரல்களால் தன் பழைய பூட்டைச் சுவிட்சுப் பெட்டியில் மாட்டினார். ஊழியர் முறைத்தார்.

"மிஸ் உள்ள இருக்கிறாங்க" என்றார் நுவன், தனக்குத் தெரிந்த தமிழில்.

யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் அழுது முடித்த பிறகு நான் அவர் தோளைத் தொட்டேன். அவரே பூட்டைக் கழற்றினார். நான் சுவிட்சைப் போட்டேன்.