திரும்பும்போது புகைந்த டாங்கி

2007 ஜூலை 14, பிரெஞ்சுத் தேசிய நாள், சனிக்கிழமை, காலை 9.10. கடும் வெயில், காற்றே இல்லை. பிரெஞ்சுப் படையில் டாங்கி ஓட்டி ஓய்வுபெற்ற, புதுச்சேரி உப்பளத்தில் இருக்கும் என் நண்பர், நான் அவருக்காகச் செய்த முப்பத்தெட்டு கிலோ ரிமோட் டாங்கியைக் காட்டப் பழைய தோழர்கள் பதினொரு பேரை அழைத்திருந்தார்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த, பதினைந்து ஆம்பியர் தாங்கும் கன்ட்ரோலர்கள் இரண்டு போட்டிருந்தேன். டாங்கியைத் தரையில் படாமல் செங்கல் மேல் தூக்கி வைத்து ஏழு முறை அளந்தபோது மின்னோட்டம் ஒன்பது ஆம்பியரைத் தாண்டவில்லை.

"மணல்ல வச்சுத் திருப்பிப் பாருய்யா, அப்பதான் அதுக்கு மூச்சு வாங்கும்" என்று நண்பர் மூன்று முறை நச்சரித்தார்.

"நீ ஓட்டுனவன், நான் அளந்தவன். சும்மா இரு" என்றேன்.

முற்றத்து மணலில் நேராக ஆறடி போனது. திருப்பினேன். இரண்டு கன்ட்ரோலர்களும் புகைந்து கருகின.

அவர் முகம் வாடியது ஒரு நொடிதான். "நிஜ டாங்கியே மக்கர் பண்ணும், தள்ளுங்கய்யா!" என்று குனிந்தார். தோழர்களும் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கருகியவற்றோடு, அவர் சொன்னபடி மணலில் திருப்பி அளந்து வாங்கிய அறுபது ஆம்பியர் கன்ட்ரோலர்களையும் சேர்த்து, மொத்தச் செலவு பதினான்காயிரத்து அறுநூறு ரூபாய்.