அப்பா குளிக்கிறார்

லண்டன் குட்மேய்ஸ் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலை என்ரை சம்பியன் கப்பை அம்மா மினுக்கி நடுவிலை வைச்சிருக்கிறா. அதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் இங்கிலாந்துச் சம்பியனான அண்டைக்கு அப்பா செத்து ரெண்டு நாள். வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லேல்லை.

நான் விளையாடினது கேர்லிங். பனித்தரையிலை கைபிடி வைச்ச கருங்கல்லொண்டை வழுக்கிவிடுறது, அது போற வழியை ரெண்டுபேர் கூட்டுற தும்புத்தடி மாதிரியொண்டாலை உரஞ்சிக்கொண்டு ஓடுறது. அங்காலை கீறியிருக்கிற வட்டத்தின்ரை நடுவுக்குக் கிட்ட ஆற்றை கல்லு நிக்குதோ, அவைக்குப் புள்ளி. எங்கடை சனத்துக்கு இதை விளங்கப்படுத்தித் தொண்டைத்தண்ணி வத்தினதுதான் மிச்சம். வீட்டிலை ஒருநாள் தும்புத்தடி தொட்டறியாதவள் ஐஸைக் கூட்டப் போறாளாம் எண்டு கலியாணவீட்டிலை ஒரு மாமி சொல்லிச் சிரிச்சவா.

அப்பா சிரிக்கேல்லை. பள்ளிக்கூடத்தாலை ஒருக்காக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டின விளையாட்டிலை பிள்ளைக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது எண்டு தெரிஞ்சதும், பெற்றோல் ஸ்ரேஷனிலை இரவு ஷிப்ட் முடிச்ச கையோடை சனிக்கிழமையளிலை என்னைக் கென்ற் பக்கத்து ஐஸ் அரங்குக்கு ஏத்திக்கொண்டு போகத் தொடங்கினார். கண்ணாடிக்கு அங்காலை பிளாஸ்கிலை தேத்தண்ணியோடை இருப்பார். மற்றத் தகப்பன்மார் கத்துவினம். அவர் கத்தமாட்டார். ஏனெண்டு கேட்டதுக்கு, கல்லு கையை விட்டாப் பிறகு நீயே ஒண்டும் செய்யேலாது, நான் கத்தி என்ன செய்யிறது எண்டவர்.

அப்பிடியே வளந்து, எங்கடை நாலு பேர் குழுவுக்கு நான் தலைவி. கடைசிக் கல்லு விடுறதும் நான்தான். இறுதியாட்டத்திலை தோத்துப்போய்க் வழி முழுக்கக் காரிலை அழுதுகொண்டு வந்த வருசங்களும் இருக்கு. அப்பா வழியிலை நிப்பாட்டிச் சிப்ஸ் வாங்கித் தருவார்.

இங்கிலாந்திலை வசதியான ஐஸ் இல்லையெண்டு அந்த வருசம் போட்டியை ஸ்கொட்லாந்திலை வைச்சினம். அப்பாவுக்கு லீவு கிடைக்கேல்லை. நான் போன அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு நெஞ்சுக்குத்து வந்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கினம். இரவு நான் போன் எடுக்க, "அப்பா குளிக்கிறார் பிள்ளை" எண்டா அம்மா. அடுத்த நாள் நித்திரையாம். வெள்ளிக்கிழமை திரும்பவும் குளிக்கிறாராம். "என்ன, தேம்ஸிலை இறங்கியே குளிக்கிறார்?" எண்டு நான் பகிடிவேறை விட்டனான். அம்மா சிரிச்சவா. எப்பிடிச் சிரிச்சாவோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

சோதனைக்குப் போற பிள்ளைக்கு எங்கடை ஆக்கள் செத்தவீடு சொல்லுறேல்லை. எழுதி முடிச்சு வந்தாப் பிறகுதான் சொல்லுறது. அந்த வழக்கத்தைத்தான் என்னிலையும் பாவிச்சினம். லண்டனிலை செத்தவீடு உடனை நடக்காது, எப்பிடியும் ஒரு கிழமை தாண்டும், பிள்ளை வந்து முகம் பாக்கலாம்தானே எண்டு நியாயம்வேறை. கனடாவிலையிருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் இருக்கிற சொந்தத்துக்கெல்லாம் அண்ணை போன் அடிச்சு, பேஸ்புக்கிலை ஒண்டும் போடாதேங்கோ எண்டிருக்கிறார். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஒரு கோயில் நிர்வாகத்திலை நாலு பேர் ஒண்டாய் இருக்கமாட்டாத சனம், இதிலை மட்டும் என்ன ஒற்றுமை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்சிட்டுதுகள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். கடைசிக் கல்லை விட்டிட்டுப் பனியிலை முழங்காலிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தன். ஊர்ந்து ஊர்ந்து போய் நடுவிலை நிண்டுது. வீட்டிலை லைவ் பாப்பினம் எண்டு தெரியும். கமராவுக்கு முன்னாலை ஓடிப்போய், "அப்பா, பாத்தியளோ?" எண்டனான். அந்த நேரம் துக்கம் விசாரிக்க வந்த சனம் முழுக்க எங்கடை முன்னறையிலை டிவிக்கு முன்னாலை இருந்ததாம்.

கிங்ஸ் குறொஸ் ரெயில் ஸ்ரேஷனிலை அண்ணை நிண்டார். முதல் என்ரை கையாலை கப்பை வாங்கினார். பிறகுதான் சொன்னார்.

"அப்பா போயிட்டார்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலமை."

தேம்ஸ் பகிடி விட்டது அண்டைக்கு இரவு.

வீட்டை வந்து அம்மாவோடை சண்டைக்குப் போனன். ஆசுப்பத்திரியிலை அந்த மனுசன் கண் முழிச்சுக் கதைச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார். போனைக் காதிலை பிடிச்சிருந்தால் நான் குரலையாவது கேட்டிருப்பன். உங்களுக்கெல்லாம் மனச்சாட்சியே இல்லையோ எண்டு கத்தினனான். அம்மா நிமிந்து பாக்கேல்லை.

"அப்பாதான் சொல்லவேண்டாமெண்டவர். பிள்ளை விளையாடி முடிக்கட்டும் எண்டவர்."

இனி ஆரோடை சண்டை பிடிக்கிறது? செத்த மனுசனோடையோ? அந்தக் கோபம் அப்பிடியே நிண்டது, இப்பவும் போகேல்லை.

அடுத்த வருசமும் விளையாடினனான். கல்லைப் பிடிச்சுக் குனிஞ்சால், வீட்டிலை இப்ப ஆர் குளிக்கினமோ எண்டு மனம் ஓடும். கல்லு பாதியிலை நிக்கும். விளையாட்டை விட்டிட்டன். பிள்ளைக்கு முழங்கால் சரியில்லையாம் எண்டு அம்மா சனத்துக்குச் சொன்னா. நானும் மறுக்கேல்லை.

இப்ப நான் லண்டனிலையே வால்தம்ஸ்டோ பக்கம் தனிய இருக்கிறன். போன மாசம் ஒரு காலமை அம்மாவுக்குப் போன் அடிக்க, எடுக்கேல்லை. திரும்பத் திரும்ப அடிச்சும் எடுக்கேல்லை. அண்ணைக்கு அடிச்சால், ஒண்டுமில்லை, குளிச்சுக்கொண்டிருப்பா எண்டார். அதைக் கேட்டதும் போனை வைச்சன். வேலைக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினன். நோர்த் சேர்க்குலர் றோட்டிலை வாகனம் அசையேல்லை. ஸ்ரியறிங்கிலை அடிச்சு அடிச்சு அழுதன்.

கதவைத் தட்ட, அம்மா தலையிலை துவாயைச் சுத்திக்கொண்டு வந்து திறந்தா.

"என்ன பிள்ளை இந்த நேரத்திலை? நான் குளிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்."

துவாய்க்குக் கீழாலை தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்பவும் நம்பேலாமல் கிடந்தது. கையை நீட்டி, அம்மாவின்ரை தலைமயிரைத் தொட்டுப் பாத்தனான்.