கிளீனருக்குச் சாப்பாடு உண்டா?

தொம், தொம், தொம். “வா, வா, வா, வா... ஓல்டேன்!” கல்லூரி மாணவியாகத் திண்டிவனத்தில் பேருந்துக்கு நின்ற காலத்தில், பின்பக்கமாக நகரும் லாரியின் பலகையைத் தட்டிக்கொண்டே கிளீனர்கள் இப்படிக் கூவுவார்கள். யாப்பிலக்கணம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தளை தட்டாத அடியாகவே கேட்கும். அலங்கார மீன் கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தத் தொழிலில் நோயைவிட அதிகமாக மீன்களைக் கொல்வது ‘கிளீனர்’ என்கிற அந்த ஒரு சொல்தான் என்று.

சக்கர் மீன் என்று ஒன்று உண்டு. கறுப்பு உடம்பு, மேலெல்லாம் கவசம் போல் தகடு, அடியில் வாய். கண்ணாடியில் அப்பிக்கொண்டு பாசியை வழித்துத் தின்னும். அதனால் ஊரே அதை ‘டேங்க் கிளீனர்’ என்கிறது. கிளீனர் என்று பெயர் வைத்தவர்கள் வேலை கொடுத்துவிடுகிறார்கள், சோறு கொடுப்பதில்லை.

என் தங்கை மகன், “ஆறு மாசம் பாத்துக்கோ பெரிம்மா” என்று திண்டிவனத்துக் கடையை என்னிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனான். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக்கொண்டு என்னைப் போலவே அல்லல்படுகிறவர்கள், இதைப் படித்துத் துணைக்கு ஆள் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

குழம்புக்கு ஆகாதவை

விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் கடைக்குப் போகிறேன். பெட்டியில் உடன் வரும் பெண்களுக்கு நான் ‘மீன்காரம்மா’. அவர்களில் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்களாம், வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் இருப்பவை கப்பி, மோலி, ஏஞ்சல், சக்கர் என்று வரிசையாகச் சொன்னேன். எதுவும் குழம்புக்கு ஆகாது, பார்ப்பதற்கு மட்டும்தான் என்றும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“சும்மா பாக்கறதுக்கா காசு குடுத்து மீனு வாங்குறாங்க? பாவம் யக்கா, உங்க பொழப்பும் பேஜாருதான்.”

வேலைக்கு ஆள் தேவை

கோலியனூர் கோவிந்தசாமி ஒரு காலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார். கூடத்தில் ஒரு தொட்டி. அதில் சில்லறை மீன்களோடு ராஜா என்று ஒரு கொழுத்த தங்கமீன். தொட்டி கழுவி அலுத்துப்போய்க் கடைக்கு வந்தார். “ஒரு கிளீனரு குடுங்கக்கா. சுறுசுறுப்பான ஆளா இருக்கணும்” என்றார்.

விரல் நீளத்தில் ஒரு சக்கரைப் பையில் பிடித்துக் கொடுத்தேன். வழக்கம்போல் பாடத்தையும் ஒப்பித்தேன். சாயங்காலம் விளக்கை அணைத்ததும் சுரைக்காயோ வெள்ளரியோ ஒரு துண்டு போட வேண்டும். சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். கூலி உயர்வு கேட்கும் ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சோறும் நாமளே போட்டு, தண்ணியும் நாமளே மாத்தறதுன்னா, அப்புறம் இவன் எதுக்குக்கா?”

இரவல்

திண்டிவனத்திலேயே ஓர் அம்மாள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டுத் தொட்டி பச்சை பிடித்துக் கிடக்கிறது, ஒரு கிளீனரை இரவல் கொடுத்தால் வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றார். மீனை அப்படித் தொட்டிக்குத் தொட்டி மாற்றினால் மிரண்டு செத்துப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். “ஜல்தியா குடுங்கம்மா, மாப்ள வூட்ல கெளம்பிட்டாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணக் காரியம் என்றால் எனக்கு வாய் அடைத்துவிடும். கொடுத்தேன்.

மீன் உயிரோடு திரும்பி வந்தது. அந்த அம்மாளுக்குத்தான் உயிரில்லை.

“பாசியெல்லாம் துன்னுச்சி, இல்லன்னு சொல்லல. துன்னுட்டு மொழ நீளத்துக்குக் கயிறு கயிறா பேண்டு வெச்சிருக்குது. வந்தவங்க பொண்ண வுட்டுட்டு அதையேதாம்மா பாத்துக்கினு இருந்தாங்க.”

பகல் தூக்கம்

கோவிந்தசாமி போனில் புகார் செய்தார். கிளீனர் பகலெல்லாம் தூங்குகிறது. ஆள் வைத்தும் தண்ணீர் நாறுகிறது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் கோலியனூர் போய்ப் பார்த்தேன். ஆள் சேர்ந்த நாளிலிருந்து அவர் தொட்டியைத் தொடவே இல்லை. தண்ணீர் கேப்பைக் கூழ் நிறத்தில் இருந்தது. கண்ணாடி மட்டும் பளபளத்தது. பாசி தீர்ந்து வெகு நாளாகியிருக்க வேண்டும்.

சக்கர் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நன்றாகத் தின்கிற சக்கருக்கு வயிறு லேசாக உப்பியிருக்கும். இதற்கோ உள்ளே குழிந்து, கண்ணும் குழிந்து கிடந்தது. வயிற்றை ஊருக்கே காட்டிக்கொண்டு பட்டினி கிடக்கிற வேறோர் உயிரை நான் பார்த்ததில்லை.

“இது தூக்கமில்ல தம்பி, பட்டினி. இப்படியே விட்டா செத்துடும்” என்றேன்.

“சோறு போட்டா வேலை செய்யமாட்டான்க்கா. ராஜா துன்ன மிச்சம் கெடக்குது, அவன் பேண்டது கெடக்குது. துன்னட்டுமே.”

“அதையெல்லாம் இது தின்னாது.”

காபி கொண்டுவந்த அவர் மனைவி தனம், டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்துக் கேட்டாள்:

“மிச்சம் மீதி துன்னுட்டுக் கெடக்கறதுக்கு அது என்னா, இந்த வூட்டுப் பொம்பளையா?”

கூட்டு

மறுநாளிலிருந்து சோறு போடும் பொறுப்பைத் தனம் ரகசியமாக எடுத்துக்கொண்டாள். ஆனால் சுரைக்காய் போட்டும் மீன் தொடவே இல்லை என்று என்னை அழைத்தாள். எப்படிப் போட்டீர்கள் என்றேன். சுரைக்காய்க் கூட்டில் பருப்பை வழித்துவிட்டுத் துண்டை மட்டும் போட்டாளாம். தாளிப்பு கம்மியாம். நான் பதறிப்போய், உடனே பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னேன். வெறும் தண்ணீரில் வேகவைத்த துண்டை, ஆறிய பிறகு கல்லில் கட்டி இறக்கச் சொன்னேன். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும் என்றேன். செய்கிறேன் என்றாள், மனசில்லாமல்.

“உப்பு காரம் இல்லாம ஒரு உசுரு எப்பிடிக்கா சோறு துன்னும்? அதான் கோச்சிக்கினு செவுத்துல ஒட்டிக்கினு கெடக்குது போல.”

முதலாளி மேல் வாய் வைத்தவன்

தனம் இறக்கும் துண்டுகளைக் கோவிந்தசாமி கண்டுபிடித்துவிட்டார். ‘தண்டச்சோறு’ என்று எடுத்து எறிந்துகொண்டே வந்தார். ஒரு நாள் அவரிடமிருந்து போன். கிளீனர் ராஜாவின் விலாவில் அப்பிக்கொண்டு உறிஞ்சியதில் செதில் பெயர்ந்துவிட்டதாம். பசித்த சக்கர் அப்படிச் செய்வதுண்டு. தங்கமீனின் மேல்வழுவழுப்பு அதற்குச் சாப்பாடு. “மொதலாளி மேலயே வாய் வெக்கிறான். ஏரியில வுட்டுடப் போறேன்” என்று வைத்துவிட்டார்.

ஏரியில் விட்ட சக்கர் செத்துப்போனால் ஒரு மீனோடு போகும். பிழைத்துப் பெருகினால் ஏரி மீனுக்குத் தீனி இருக்காது, இதன் முள்ளில் சிக்கி மீன்பிடிக்கிறவர்களின் வலை கிழியும். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். கட்டிலிருந்து சக்கரைப் பிடிக்கவே அவருக்கு அத்தனை நேரம் ஆகியிருக்க வேண்டும், நான் போய்ச் சேர்ந்தபோதுதான் மொபெட்டை வெளியே உருட்டிக்கொண்டிருந்தார். முன்னால் வாளி. வாளிக்குள் சக்கர், செவுள் மட்டும் அசைந்தபடி.

“ஏரியில விடாதீங்க தம்பி. அது கெட்ட மீனில்ல, பசி. வேளைக்குப் போட்டிருந்தா ராஜாவைத் தொட்டிருக்காது” என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

“பசியா? நான் கிளீனரா இருந்தவன்க்கா! டிரைவரு ஓட்டல்ல துன்னுவான், நான் வண்டிக்குக் காவலு. அவன் மிச்சம் வெச்சாத்தான் எனக்குச் சோறு. நான் யார் மேலயாவது வாய் வெச்சனா? யாரையாவது கடிச்சனா?”

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். அவர் குரல் உடைந்திருந்தது. நான் வாளியை விடவில்லை. தனம்தான் கதவருகிலிருந்து சொன்னாள்:

“கடிக்கலய்யா. அதையெல்லாம் சேத்து வெச்சிக்கினு, கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்னைத்தான் கடிக்கிற.”

கோவிந்தசாமி மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். வாளியை அவரே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். ராஜாவின் புண் சுத்தமான தண்ணீரிலேயே ஆறிவிட்டது. கிளீனர் இப்போது முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, மரக்கட்டை போட்ட தனித் தொட்டியில் வேளை தவறாமல் சுரைக்காய் தின்றுகொண்டிருக்கிறது. வாராவாரம் அந்தத் தொட்டியைக் கழுவுவது கோவிந்தசாமி.