நெற்றியில் இழுத்த ஊதாக் கோடு

குடிபாலா கல் குவாரியிலிருந்து வெளியே வரும்போது என் தோளில் ஒரு கயிற்றுக் கட்டிலின் கால் இருந்தது. கட்டிலில் கிடந்தவன் என்னோடு கல் உடைத்தவன். அவன் மனைவியின் தண்ணீர்க் குடத்தை மேஸ்திரி எட்டி உதைத்தான். இவன் மேஸ்திரியின் பல்லை உடைத்தான். மேஸ்திரியின் ஆட்கள் இவன் முழங்காலுக்குக் கீழே கத்தியை இறக்கினார்கள். நாங்கள் ரோட்டை அடையும்வரை பின்னாலிருந்து கல் வந்துகொண்டிருந்தது. ஒன்று என் காதைக் கிழித்தது. லாரியை மறித்துச் சித்தூருக்குப் போனோம்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் தொடையில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. அதன்மேல் துணியைச் சுற்றினாள். பிறகு ஊதா மருந்தைத் தொட்டு அவன் நெற்றியில் நெட்டாக ஒரு கோடு இழுத்தாள். அவன் மனைவி அப்போது வெளியே சேலையிலிருந்த ரத்தத்தை அலசிக்கொண்டிருந்தாள்.

"திருப்பதி சிஸ்டரும் நானும் பேசி வெச்சிக்கினது இது" என்றாள் நர்ஸ் என்னிடம். "துணிக்குள்ள கொழா கட்டியிருக்கறது வெளிய தெரியாது. ரொம்ப நேரம் உட்டா காலு செத்துப்பூடும். ஒருத்தன் அங்க வராண்டாவுலயே கெடந்து காலு போச்சி. கோடு இருந்தா மொதல்ல எடுப்பாங்க."

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேனில் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி பின்னால் அவனோடு இருந்தாள். திருப்பதியில் கதவைத் திறந்தால் அவன் நெற்றி சுத்தமாக இருந்தது.

அன்று ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. வராண்டா முழுக்க உடைந்த ஆட்கள். ஒருவனுக்குத் தாடை தொங்கியது. சிஸ்டர் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

"கோடு எங்கக்கா?" என்று அவன் மனைவியிடம் கேட்டேன்.

"சர்ச்சுக்குப் போற குடும்பம்யா நாங்க! திருப்பதிக்கு அனுப்புனா நாமம் போட்டுத்தான் அனுப்பணுமா? எச்சி தொட்டு அழிச்சிட்டேன்."

"அது நாமம் இல்ல! உள்ள கொழா கட்டிக்கீது!" என்று கத்தினேன். வார்டு ஆள் என் சட்டையைப் பிடித்தான். தள்ளினேன். வாயிலேயே குத்தினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் கத்தினேன். சிஸ்டர் திரும்பினாள். மனைவியின் முந்தானையில் ஊதாக் கறையைப் பார்த்தாள். கத்தரியால் துணியை வெட்டினாள். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவன் அலறியது வெளியே கேட்டது.

கால் தங்கியது. இரண்டு விரல் தங்கவில்லை.

சாயந்திரம் சிஸ்டர் சித்தூர் நர்ஸுக்குப் போன் போட்டாள். "ஏம்மே, உன் நாமத்த எச்சி வெச்சி அழிச்சிட்டாங்கமே. கோடு மட்டும் பத்தாது. கூட வந்து வாயால சொல்றதுக்கு ஆள் ஓணும்." போனை வைத்துவிட்டு என் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். "குத்து வாங்கியும் வாய மூடல நீ. வேன்ல போறியாய்யா? டாக்டராண்ட நான் சொல்றேன்."

குவாரிக்குத் திரும்பியிருந்தால் மேஸ்திரி என்னைக் கொன்றிருப்பான். மறுநாள் காலை வேனின் பின்பக்கம், அடிபட்டவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து போகும் வேலையில் சேர்ந்தேன்.