சித்திக்குச் சாமி வரவில்லை

என் சித்தியின் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கண் திறந்திருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தாள். இது சாமி வந்த ஆட்டம் இல்லை என்று பார்த்த எவருக்கும் தெரியும். ஆடி மாதம் முழுக்கச் சாமி ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது, எங்களுக்கா வித்தியாசம் தெரியாது? தெரிந்தேதான் ஊற்றினார்கள். ஆகாய நீல நைலக்ஸ் புடவை நனைந்து மஞ்சளாகி உடம்போடு ஒட்டிக்கொள்ள, அவள் இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஐம்பது வருஷம் ஆகியும் ஆறவில்லை, இனி ஆறும் என்றும் தோன்றவில்லை.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். சித்தி என்று கூப்பிட்டாலும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம். தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மருந்துக் கம்பெனியில் டப்பா அடைக்கிற வேலைக்குச் சேர்ந்தோம். காலையில் பாசஞ்சர் வண்டியில் போய்ச் சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் திரும்புவோம். ஊரில் முதல் முதலாகச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன பெண்கள் நாங்கள்தான். அதற்கே ஆயிரம் பேச்சுக் கேட்டிருந்தோம்.

அந்தக் கம்பெனியின் ஆயுத பூஜைக்குத்தான் மெட்ராசிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. எங்கள் பக்கம் எல்லாமே செட்டுதான்: மேள செட்டு, பேண்டு செட்டு, நாடக செட்டு. ஆகவே கிட்டார், டிரம்ஸ், பாங்கோஸ், அக்கார்டியன் என்று வந்திறங்கிய இவர்களும் கிட்டார் செட்டு ஆனார்கள். ஒட்டிய கால்சட்டை, காதை மூடிய முடி. சினிமாப் பாட்டும் பாடுவார்கள், நடுநடுவே பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியமாக வெளுத்து வாங்குவார்கள். பெண்களுக்கு இடம் பின்னால், லாரி நிற்கிற கொட்டகையில். அங்கிருந்து பார்த்தால் டிரம்ஸ்காரரின் தலையும் கைகளும் மட்டும் தெரியும். சித்திக்கு அது போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து அட்டைப் பெட்டியை மூடும்போதெல்லாம் அதன் மேல் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பாள். “இல்லடி, இடது கை கொஞ்சம் பின்னாடி வருது பாரு, அங்கதான் இருக்குது” என்பாள். எனக்கு ஒரு இழவும் புரியாது. அந்தச் செட்டு மீஞ்சூரில் வாசித்தாலும் பொன்னேரியில் வாசித்தாலும், போய்வந்த ஆம்பிளைப் பையன்களைக் காண்டீனில் பிடித்து வைத்துத் துருவித் துருவிக் கேட்பாள். அவளால் போக முடியாது அல்லவா.

ஆகவே அவள் செட்டையே ஊருக்கு வரவழைத்தாள். நைனா கோயில் கமிட்டியில் இருந்தார். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை, பகலில் பம்பை உடுக்கை, சாயங்காலம் நாடகம் என்பது வழக்கம். “ஒரு வருஷம் கிட்டார் செட்டு வச்சா இன்னா நைனா, சாமி குத்தமா ஆயிடும்?” என்று சித்தி அவரை அரித்து எடுத்துவிட்டாள். அக்காள் புருஷனை அவளும் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவர் கமிட்டியில் பேசி, ஊர் இளவட்டங்கள் பேசி, ஒருவழியாகச் சரியென்றானது. அந்த ஒரு மாதம் அவள் தரையில் நடக்கவில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் கம்பெனியிலேயே மெஷின் பிரிவில் இருந்தவர். பொதட்டூர்பேட்டைக்காரர், எங்களுக்குத் தூரத்து உறவு. அவரும் அந்தச் செட்டுக்குப் பைத்தியம். அதைக் கேட்டுத்தான் சித்தி கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள் என்று நான் இன்றும் சொல்வேன்.

கூழுக்கு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். வெயில் தணிந்ததும் கச்சேரி ஆரம்பித்தது. ரைஸ் மில்லை நிறுத்தி வைத்து அந்த லைனிலிருந்து கரண்டு எடுத்திருந்தார்கள். அப்படியும் வோல்டேஜ் இல்லாமல் கிட்டார் சத்தம் நடுவில் நடுவில் செத்துப்போயிற்று. மைக் ஊளையிட்டது. அக்கார்டியன்காரர் வரவேயில்லை. பெரியவர்கள், “இன்னாய்யா இது, தகரத்தப் போட்டு ஒடைக்கிற மாதிரி” என்று எழுந்து போனார்கள். அதுவாவது பரவாயில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து இதற்கென்றே வந்திருந்த ரசிகர்கள் இருந்தார்களே, அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றான் ஒருவன். கம்பெனியில் வாசித்ததில் கால்வாசி கூட இல்லை, பட்டிக்காடுதானே என்று ஏமாற்றுகிறார்கள் என்றான் இன்னொருவன். வாயை மூடிக்கொண்டு கேளடா என்று மூன்றாமவன் அவன் சட்டையைப் பிடித்தான். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தச் சண்டை எதையும் காதில் வாங்காமல், டிரம்ஸ்காரரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடுகிறவருக்குத் தொண்டை சரியாக இல்லாததால்தானோ என்னவோ, டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். அதற்குக் கரண்டும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். அப்போதுதான் கச்சேரி கச்சேரியானது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இளவட்டங்கள் எழுந்து ஆடினார்கள். மாப்பிள்ளை தலையில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று ஆடினார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் என் சித்தி எழுந்தாள். கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வயசுப் பெண், நிச்சயம் ஆனவள், அத்தனை ஆம்பிளைகள் எதிரில் ஆடுகிறாள். அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் மரியாதையான பெயர். ஒருத்தி, “ஆத்தா எறங்கிட்டா” என்று கத்தினாள். அவ்வளவுதான், வேப்பிலையும் குடமுமாக ஓடிவந்துவிட்டார்கள்.

டிரம்ஸ்காரர் பயந்துபோய்க் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேடையிலிருந்தே அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பூசாரி தட்டில் கற்பூரத்தோடு வந்தார். சாமி வந்தால் கேட்க வேண்டிய கேள்வியை முறைப்படி கேட்டார். “ஆத்தா, யாரு வந்துருக்கறது? நாங்க இன்னா கொற வச்சோம்? சொல்லும்மா.” ஊரே கை கூப்பி நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டே சித்தி சொன்னாள்: “யாரும் வரல பூசாரி. நான்தான். வாத்தியம் நல்லா இருந்துச்சு, ஆடினேன்.” பிறகு மேடைப் பக்கம் திரும்பி, “நீங்க ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க” என்றாள். அவர்கள் வாசிக்கவில்லை. ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். கச்சேரி பாதியில் நின்றது அவளால்தான் என்று கம்பெனி ரசிகர்களில் ஒரு கூட்டம் கறுவிக்கொண்டிருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு அவள்மேல் வேறு விதமான கோபம். எங்கள் செட்டு வாசித்த வாசிப்பில் அம்மனே இறங்கி வந்தாள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! இவள் வாயைத் திறந்து அதைக் கெடுத்துவிட்டாள். நாடகம் வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று கமிட்டிக்காரர்கள் நைனாவை மென்று துப்பினார்கள். சாமி என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அவள் காலில் விழுந்திருப்பார்கள். நான்தான் என்று சொன்னதால் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆடியது ஒரே ஆட்டம்தானே!

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா ஊருக்குக் கிளம்புமுன் சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். “இதோ பாரு கண்ணு, ஆத்தாதான் வந்தான்னு ஒரு வார்த்த சொல்லிடு. சாமி வந்த பொண்ணு ஊட்டுக்கு வந்தா எங்களுக்கும் பெருமதான். ஒரு பொங்கல் வச்சிக் கும்புட்டு, மத்த வேலயப் பாக்கலாம். நீயா ஆடினன்னு சொல்லிக்கினு இருந்தா, நான் ஊர்ல போயி இன்னான்னு சொல்றது?” மாப்பிள்ளை வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுக் கர்ச்சீப் கட்டிக்கொண்டு ஆடிய அதே மனிதர். ‘நானும்தானம்மா ஆடினேன்’ என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சித்தி, “ஆத்தா பேர்ல பொய் சொல்லச் சொல்றீங்களே. என்னால ஆவாது” என்றாள். என் அம்மா அவள் காலில் விழாத குறை. “சொன்னா வாயில இருக்கற முத்தா உதுந்துடும்? சொல்லித் தொலையேன்டி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வருஷம் தவறாமல் ஆடி வெள்ளிக்கு விரதம் இருந்தவள் சித்தி. அந்த அம்மனை அந்த வீட்டில் மனசார நம்பியவள் அவள் ஒருத்திதான். நம்பாதவர்கள் எல்லோரும் சாமி பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள் என்றார்கள், நம்பியவள் மாட்டேன் என்றாள். இதில் யார் சாமிக்குப் பயந்தவர்கள்? இதை நான் அன்றே அம்மாவிடம் கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

கல்யாணம் நின்றுபோனது. அதைவிடக் கொடுமை காண்டீன். சித்தி சாப்பாட்டுக் கேரியரைத் திறந்ததும் எதிர் வரிசையில் ஒருவன் மேசைமேல் விரலால் ஆரம்பிப்பான். இன்னொருவன் டம்ளரால் சேர்ந்துகொள்வான். அதே தாளம், டிரம்ஸ்காரர் வாசித்த அதே தாளம். “ஆத்தா, எறங்கும்மா” என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். இவர்கள்தான் ரசிகர்கள்! அவள் உயிராக நினைத்த ஒன்றை எடுத்தே அவளை அடித்தார்கள். ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் குழம்புக் கிண்ணத்தை ஒருவன் சட்டைமேல் கவிழ்த்துவிட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். தட்டியவர்களைக் கூப்பிடவில்லை. சித்தி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அட்டைப் பெட்டியைத் தட்டி நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறும்வரை அதே இடத்தில்தான் வேலை செய்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் இரண்டாம் தாரத்துக்கு வந்தார்கள். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

போன தை மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. உறவுதான், தவிர்க்க முடியாது, நானும் சித்தியும் போயிருந்தோம். மணப்பெண்ணே ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். அழகாக ஆடினாள். பெரியவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், மாமியார் திருஷ்டி கழித்தார். நான் அந்தப் பெண்மேல் குறை சொல்லவில்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் கை தட்டிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப்பேர் அன்று எங்கள் ஊரில் இருந்தவர்கள். சாயம் பூசிய தலையோடு, அன்று சித்திக்கு நிச்சயமாகியிருந்த அந்த மாப்பிள்ளையும் ஆடிக் களைத்து எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேரனைக் கூப்பிட்டுச் சித்தியைக் காட்டினார். “இவங்கதாண்டா. அந்தக் காலத்துலயே எங்க எல்லார் முன்னாடியும் ஆடினவங்க. நான் நேர்ல பாத்தேன். செம தைரியம்.” பெருமை வேறு! பிறகு சித்தி பக்கம் குனிந்து, “அன்னைக்கு மட்டும் நீங்க ஆத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாமே நல்லபடியா முடிஞ்சிருக்கும்” என்றார்.

சித்தி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நீங்களும்தான ஆடினீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. பேரன் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பொருமித் தீர்த்தேன். அவரை, அந்த ஊரை, காண்டீனில் தட்டியவர்களை, என் அம்மாவைக்கூட விடவில்லை. சித்தி வெளியே கம்பெனி மதில்களைப் பார்த்தபடி வந்தாள். நான் மூச்சு விடுவதற்கு நிறுத்தியபோது சொன்னாள்: “எல்லாரும் என்னப் பத்தியேதான் பேசினாங்க. அந்த டிரம்ஸ் ஆளு அன்னைக்கு எவ்ளோ நல்லா வாசிச்சான் தெரியுமாடி? அதப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்கிட்டப் பேசினதில்ல.”

எப்படி வாசித்தார், சொல்லு என்றேன். கவரைப்பேட்டை வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.