ஏவிஸ் விடாமல் படித்த பெயர்

பெயர்களைப் படிக்கும் முன் ஏவிஸ் டட்டில் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் ஓரத்தில் இரண்டு தடவை துடைப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எங்கள் சின்ன யூனிவர்சலிஸ்ட் தேவாலயத்துக்குச் செயலாளர். கடவுள் கடைசியில் ஒருவரையும் கைவிடமாட்டார் என்பது எங்கள் முன்னோர் நம்பிக்கை. அதனால் நவம்பரில், அந்த வருடம் ஊரில் இறந்த எல்லோர் பெயரையும் அகரவரிசையில் படிப்போம்.

இந்த முறை பட்டியலில் டுவைட் ஹேலும் இருந்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஆரின் பெக்கின் மகள் நெல்லியை மோதிக் கொன்று, தானும் செத்தவன்.

"அவன் பேரை நீ படிச்சா நான் எழுந்து போயிடுவேன், ஏவிஸ். திரும்பி வரமாட்டேன்," என்று ஆரின் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"விட்டுடுங்களேன். இருக்கிறதே பத்தொன்பது பேர்," என்றேன் நான், மெதுவாக.

"ஒருத்தனை நாமளே விட்டுட்டா, அப்புறம் எதுக்குடா இங்க கூடறோம்? முடிஞ்சதும் ஊத்துற உருளைக்கிழங்கு சூப்புக்கா?" என்றாள் ஏவிஸ்.

அவன் முறை வந்ததும், "டுவைட் ஹேல்," என்று படித்தாள். ஆரின் எழுந்தார். கதவைச் சாத்தாமலே வெளியேறினார். குளிர் உள்ளே வந்தது, யாரும் போய்ச் சாத்தவில்லை. நெல்லிக்கு முன் இன்னும் நான்கு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் வந்ததும், தெருமுனையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஏவிஸ் உரக்கப் படித்தாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் தேவாலயத்தின் எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: கடைசிப் பெயர்வரை ஆரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளிப்படியில் நின்றிருந்தாராம்.